வலது கைக்குப் போன நிலவேம்பு

பாயசம் கசந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. ஒரு நாளிதழில் பல வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலையில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பாயசம் கசந்தது ஏழாம் நாள் நண்பகலில். விஷயம் ஆரம்பித்தது அதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு படிவத்தில்.

என் தங்கை மகள் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் முதுகலை கடைசிப் பருவத்தில் இருந்தாள். ஆலங்குடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். பட்டம் வாங்க ஓர் ஆய்வு செய்து சமர்ப்பிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரின் கைகளில் ஒரு களிம்பைத் தடவிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. கல்லூரிக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. கலந்துகொள்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டு வந்தாள்.

எழுதுவதற்கு முன் எனக்குப் புரிய வேண்டும் என்றேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு வட்டத் தட்டு, நடுவில் நிலவேம்புச் சாறு ஒரு சொட்டு, சுற்றிலும் கிருமிகள். சாறு விழுந்த இடத்தின் விளிம்பு வரைக்கும், பந்தியில் முதல் வரிசை பிடித்தவர்களைப் போல அவை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"பாத்தீங்களா மாமா, நிலவேம்பு எதையுமே கொல்லல," என்றாள்.

சோதனை தோற்றுவிட்டது என்று நினைத்து நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு வேண்டும். நம் தோல் உடம்பை மூடியிருக்கும் வெறும் உறை அல்ல என்று விளக்கினாள். அது தானே சில சின்னஞ்சிறு புரதங்களைத் தயாரிக்கிறது. அவை கிருமியின் மேலுறையில் ஓட்டை போட்டுவிடும். கிருமி வந்து உரசினால் தோல் அவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கும். சில செடிகளில் இருக்கும் பொருள்கள், கிருமி வராமலேயே தோலை அந்த வேலைக்கு ஏவிவிடுகின்றனவாம். நிலவேம்பு நேரடியாகக் கொல்வதில்லை என்பது தட்டில் தெரிந்துவிட்டது. இனி அதைக் கையில் தடவ வேண்டும். கையில் மட்டும் கிருமி குறைந்தால், குறைத்தது செடியல்ல, தோல்தான் என்று சந்தேகப்பட இடம் உண்டு.

"சந்தேகப்பட இடம் உண்டு" என்பது அவளுடைய பேராசிரியையின் சொல். அந்த அம்மாவைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது. செய்தி ஆசிரியர்களில்கூட அவ்வளவு அடக்கமாக எழுதுகிறவர்கள் குறைவு.

செய்முறை எளிமையானது. ஆளுக்கு இரண்டு டியூப். நீல மூடி போட்டதில் நிலவேம்பு கலந்த களிம்பு, சிவப்பு மூடி போட்டதில் வெறும் களிம்பு. இரண்டும் ஒரே பச்சை நிறம். வித்தியாசம் தெரியக்கூடாது என்று வெறும் களிம்பிலும் நிறம் சேர்த்திருந்தாள். நீலம் இடது முன்கையின் உட்புறம், சிவப்பு வலது முன்கையின் உட்புறம், காலையும் மாலையும் ஏழு நாள். கடைசியில் இரண்டு கையிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துத் தட்டில் தேய்த்து வளரவிட்டு எண்ணுவது. எதில் மருந்து இருக்கிறது என்று யாருக்கும் சொல்லக்கூடாது.

மருந்து ஏன் எல்லோருக்கும் இடது கையில் என்று கேட்டேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. வலது கை சாப்பிடுகிற கை. நம் ஊரில் சாப்பிட்டு எழுந்தால் முழங்கை வரை கழுவுவார்கள். மூன்று வேளையும் கழுவினால் மருந்து சாக்கடைக்குப் போய்விடும். பேராசிரியையும் இதை ஒப்புக்கொண்டாராம். எனக்கும் சரியென்று பட்டது. இந்த இடத்தில் நாங்கள் மூவருமே ஊரை மறந்துபோனோம்.

படிவத்தில் ஐந்து விதிகள் இருந்தன. நான்காவது விதியை மூன்று முறை திருத்தி எழுதினேன். "கொடுக்கப்பட்ட களிம்பைத் தவிர சோப்பு, எண்ணெய், பவுடர் முதலிய வேறு எதுவும் முன்கைகளில் படக்கூடாது." இப்போது படித்தாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினொரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டாள். தினமும் வீடு வீடாகப் போய் எல்லோரும் தடவிவிட்டார்களா என்று பார்த்துக் குறிக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தாள். ஆய்வுக்கு உட்பட்டவனே அதை மேற்பார்வையும் செய்வது முறைதானா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. குறிப்பேடு ஒன்று கையில் கிடைத்த சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி டியூப்களைக் கொடுத்தாள். பங்குனி வெயில். மின்விசிறி சுற்றியும் பன்னிரண்டு பேருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. ரகசியம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முந்திரி வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மூடியையும் திறந்து மோந்து பார்த்தார். பிறகு இரண்டையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். சரக்கு வாங்குகிறவர்களின் பழக்கம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. நீல டியூபுக்கு முகம் கோணியது. நிலவேம்பின் கசப்பை எந்தப் பச்சை நிறமும் மறைக்காது. நீலத்தில்தான் மருந்து என்று கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கண்டக்டர் மச்சான் வாயைத் திறந்தார். அவர் என் தங்கை கணவரின் அண்ணன், தங்கை மகளுக்குப் பெரியப்பா. ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பயணிக்குக்கூட இடது கையால் டிக்கெட் கொடுத்ததில்லை என்று சொல்வார். பையைத் திறப்பது, கம்பியைப் பிடிப்பது, படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே இழுப்பது எல்லாம் இடது கை. கொடுப்பது வலது. பஸ் எவ்வளவு ஆடினாலும் அப்படித்தான்.

"அப்ப மருந்து பீச்சாங்கைக்கா?" என்றார்.

அவள் சாப்பாடு, கழுவுதல், சாக்கடை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். அவர் தலையாட்டினார். பிறகு இந்த மருந்து என்னதான் செய்யும் என்று கேட்டார். கிருமியைக் கொல்லாது என்றதும் பல பேர் டியூபைக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் ஒரு நொடி யோசித்தாள்.

"பெரியப்பா, நீங்க பஸ்ஸ ஓட்டுனீங்களா?"

"இல்லையே."

"நீங்க விசில் அடிச்சாத்தானே டிரைவர் எடுப்பாரு? அதுமாதிரி இது விசில். ஓட்டுறது ஒங்க தோலு."

அவர் முகம் மலர்ந்துபோனது. தன் வேலையை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குடும்பத்தில் வேறு யாருமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். டியூபைக் கீழே வைத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விசில் உதாரணம் நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மேல் வேலை செய்துவிட்டது என்பது ஏழு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவ்வளவு மரியாதையான மருந்தைப் பீச்சாங்கைக்குக் கொடுப்பது அவருக்கு இன்னும் பெரிய அநியாயமாகத் தோன்றியிருக்கிறது.

ஏழு நாளும் நான் சுற்றினேன். ஒவ்வொரு வீட்டிலும் "தடவியாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சுங்க" என்பார்கள். குறித்துக்கொள்வேன். வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருக்கும் குப்பியை அழுத்தி, இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக்கொள்வேன். கொரோனா காலத்தில் வந்த வழக்கம் அது. மற்றவர்கள் வீட்டு கேட் கொண்டிகளை நான் இன்னும் நம்புவதில்லை. பிறகு அடுத்த வீடு.

இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. தினமும் மருந்துக் கையைப் படமெடுத்துப் போட வேண்டும். கண்டக்டர் மச்சான் ரோஜாப்பூ, காலை வணக்கம், கை என்ற வரிசையில் மூன்று படம் அனுப்புவார். செல்ஃபி கேமராவில் இடது வலது மாறித் தெரியுமென்பதால் எந்தக் கை என்று யாரும் ஆராயவில்லை. ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் குளிக்கும் நேரம் தவிர இடது கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றாதவர். அவர் அனுப்பிய படங்கள் எதிலும் கடிகாரம் இல்லை. ஏழு படம் பார்த்தேன். ஏழு முறையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டேன்.

ஏழாம் நாள் ஊரில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் சவூதியில் குழாய்ப் பொருத்தும் வேலையில் இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். அவரும் ஆய்வில் ஏழாம் எண் ஆள். திருமயம் பக்கத்திலிருந்து சமையல்காரர் வந்திருந்தார். பாயசத்துக்குப் பெயர் போனவர் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு எதிர் வரிசையில் மச்சான். இலையில் சோறெல்லாம் முடிந்து பாயசம் ஊற்றினார்கள். அவர் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, கையை வளைத்து அள்ளினார். பாயசத்தை இலையில் சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வது அவருக்கும் நேர்ந்தது. ஒரு தாரை மணிக்கட்டைத் தாண்டிக் கீழே ஓடியது. நல்ல பாயசத்தை வீணாக்குகிறவர் அல்ல. கையைத் தூக்கி, முழங்கைக்கு இந்தப் பக்கம் ஆரம்பித்துப் பாதிக் கை வரை ஒரே இழுப்பில் நக்கினார்.

பிறகு அவர் முகத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் இரண்டு கண்ணும் மூடின. அடுத்து இடது கண் மட்டும் திறந்து சமையல் கட்டுப் பக்கம் பார்த்தது. நாக்கு வெளியே வந்து சிறிது நேரம் அங்கேயே இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"என்ன மாமா, என்ன ஆச்சு?" என்று வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

அந்த நேரத்தில் மச்சான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தங்கை மகள் நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு, "பாயசம் கசக்குது," என்றார்.

பந்தி மொத்தமும் பாயசத்தை இன்னொரு வாய் போட்டுப் பார்த்தது. கசக்கவில்லை. சிலர் சந்தேகத்துக்கு மூன்றாவது முறையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, யாருக்குக் கசந்தது, எந்த வாளி, எந்த இலை என்று விசாரித்தார். வீட்டுக்காரரின் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. புது வீட்டில் முதல் விருந்து, இனிப்புக் கசந்தது என்று ஒருவர் சொன்னால் அது வருஷக்கணக்காகப் பேசப்படும். மச்சானுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். பாயசம் ஓடிய தடத்தின் இரண்டு பக்கமும் பச்சை மினுமினுத்தது. சிவப்பு மூடிக் களிம்பும் பச்சைதான், ஆனால் அது கசக்காது. தங்கை மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை பேராசிரியையிடம் போனில் எல்லாம் சொன்னாள். ஒருவர் கையை மாற்றியிருந்தால் இன்னும் எத்தனை பேர் மாற்றினார்களோ? அழுதுகொண்டுதான் சொன்னாள். பேராசிரியை அழுகையைக் கண்டுகொள்ளவில்லையாம். நான்கு விஷயம் சொன்னாராம். மறுநாள் காலை திட்டப்படி எல்லோர் கையிலும் ஒற்றியெடு. தட்டுகள் வளர இரண்டு நாள் ஆகும். அதற்குள் பன்னிரண்டு பேரிடமும் உண்மையில் எந்தக் கையில் எதைத் தடவினார்கள் என்று எழுதி வாங்கி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவா. தட்டை எண்ணிய பிறகு யார் எதைச் சொன்னாலும் எனக்கு வேண்டாம். ஒரு தாள் குறைந்தாலும் கை பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிடு.

அதை எடுத்துவிட்டால் ஆய்வில் மிஞ்சுவது தட்டில் வைத்த ஒரு சொட்டுதான். நிலவேம்பு எதையும் கொல்லவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்கு யாரும் பட்டம் தர மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஜூன் மாதம் பேராசிரியையின் ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இடம் வருகிறது. பட்டத்தோடு வருகிறவருக்குத்தான் அது. அந்த இடத்துக்காக அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஒற்றியெடுத்தோம். மச்சானின் கையில் நாக்குப் பட்டது முழங்கைப் பக்கம். ஒற்றியெடுக்க வேண்டிய இடம் மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, உள்பக்கம். அந்த இடம் தப்பித்திருந்தது. குச்சிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அவள் முதல் பஸ்ஸில் ஏறினாள். நான் பன்னிரண்டு தாள்களோடு கிளம்பினேன்.

செய்திக்காக மனிதர்களைப் பேச வைப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அமைச்சர்களைவிடக் களிம்பு தடவியவர்கள் கெட்டி. சவூதிக்காரர் மட்டும் உடனே எழுதிக் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் வலது என்று எழுதியிருக்கும் குழாயை இடது பக்கம் திருகினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அரை மணி நேரம் படிவத்தின் இலக்கணத்தைப் பாராட்டிவிட்டு, நான் கையை மாற்றவில்லை, டியூபைத்தான் மாற்றினேன் என்று எழுதினார். மாவு மில் வைத்திருக்கும் அம்மா, எல்லோருக்கும் படியளக்கிற கை வலது கை, அதனால் மருந்தும் அதற்குத்தான் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முந்திரி வியாபாரி தாளை வாங்கித் திண்ணையில் வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார். பித்தவெடிப்பு. இரண்டு டியூபும் அங்கேதான் போயிருந்தன. நல்ல குணம் தெரிகிறது என்று அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

"ரெண்டும் நான் பெத்த கைதானே தம்பி. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு வெறும் களிம்புன்னா ஓரவஞ்சன இல்லையா? நீலத்தையே ரெண்டுக்கும் தடவிட்டேன்."

கைகளை யாரும் பெறுவதில்லை என்று திருத்த நினைத்தேன். திருத்தவில்லை. சிவப்பு டியூபை அலமாரியிலிருந்து எடுத்துவந்து காட்டினார். மூடி பிரிக்கப்படவே இல்லை.

பதினொரு தாள் வந்தது, என்னுடையதையும் சேர்த்து. என் தாளில் "நீலம் இடது, சிவப்பு வலது, விதிப்படி" என்று முதலிலேயே எழுதிவைத்திருந்தேன். பாக்கி மச்சான் ஒருவர்தான்.

அவர் தாளை வாங்கிப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். பாயசம் கசந்தது, அவ்வளவுதான் என்றார். அதற்குள் ஊரில் அது பெரிதாகிவிட்டிருந்தது. சமையல்காரர் தன் பாத்திரங்களை எடுத்துப்போக மறுத்துவிட்டாராம். கசந்தது என்று சொன்னவர் வந்து கழுவித் தரட்டும் என்றாராம். சவூதிக்காரரின் அம்மா, வெல்லம் வாங்கிய கடையில் போய்ச் சண்டை போட்டிருந்தார். வெல்லக் கடைக்காரர் மச்சானோடு பேச்சை நிறுத்திவிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் மச்சான் தன் வலது கையை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் மாலை தங்கை மகள் கல்லூரியிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தட்டுகளை எண்ணுவார்கள். நான் கூடப் போனேன். அவள் கெஞ்சவில்லை, கோபப்படவுமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, வழியில செக்கர் ஏறுனா என்ன பண்ணுவீங்க?"

"இன்வாய்ஸக் குடுப்பேன்." இன்வாய்ஸ் என்பது எந்த நிறுத்தத்தில் எந்த எண் வரை டிக்கெட் கொடுத்தது என்று கண்டக்டர் எழுதும் தாள். மெஷின் வருவதற்கு முந்தைய காலத்துச் சமாச்சாரம்.

"அதுல தப்பா எழுதியிருந்தா?"

"செக்கர் ஏறுறதுக்கு முன்னாடி அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போட்டா அது தப்பில்ல. ஏறுன பெறகு எழுதுனாத்தான்…" என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் செக்கர் ஏறுறாங்க பெரியப்பா," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். ஆலங்குடி பஸ் ஒன்று போனது. அதன் கண்டக்டர் இவருக்குக் கை காட்டினார், வலது கையை. மச்சான் என்னிடம் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, "நீலம் வலது. சிவப்பு இடது. ஏழு நாளும்" என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டார். அடியில் தானாகவே இன்னொரு வரி சேர்த்தார்: "பாயசம் கசக்கவில்லை." எழுதிய வேகத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாரும் சொல்லவில்லை. சவூதிக்காரரின் அம்மா அன்றே மறுபடி பாயசம் வைத்தார் என்பதும், மச்சான் இந்த முறை அதை டம்ளரில் வாங்கிக் குடித்தார் என்பதும் மட்டும் உறுதியான தகவல்.

மறுநாள் பத்தரை மணிக்கு நானும் மச்சானும் தங்கை வீட்டுக் கூடத்தில் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம். பதினொன்றுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். எண்ணி முடித்துவிட்டார்களாம். பேராசிரியை அதன் பிறகுதான் உறையைக் கிழித்தாராம்.

விதிப்படி இடது கையில் தடவிய ஆறு பேரில் ஐந்து பேருக்கு இடது கைத் தட்டில் கிருமி குறைவு. ஒருவருக்கு இரண்டும் ஒன்றுபோல. தோல் அப்படித்தான், சொன்னபடி எல்லாம் கேட்காது என்றாராம் பேராசிரியை. கையை மாற்றிய மூவருக்கும் வலது கைத் தட்டில் குறைவு. அக்காவுக்கு இரண்டு கையிலும் குறைவு. குதிகாலுக்குப் போன முந்திரி வியாபாரியின் இரண்டு கையிலும் கிருமிகள் முழுக் கூட்டத்தோடு இருந்தன. எல்லோரும் சொன்னபடி கேட்டிருந்தால், இது மருந்தின் வேலையா, இல்லை இடது கையின் இயல்பே அப்படியா என்று யாராவது கேட்டிருப்பார்கள். இப்போது கேட்க முடியாது. பாதிப் பேருக்கு மருந்தை வலது கையில் கொடுத்திருக்க வேண்டும், அது எனக்குத் தோன்றவில்லை, அந்தக் கண்டக்டருக்குத் தோன்றியிருக்கிறது என்று பேராசிரியை சொன்னாராம். தோல் அந்தப் புரதத்தைத்தான் தயாரித்ததா என்று தனியாக அளந்து பார்க்க வேண்டும். அதுவரை இது சந்தேகப்பட இடம் உண்டு என்ற அளவில்தான் நிற்கும். ஆனால் பகுதியை எடுக்க வேண்டாம். அப்படியே எழுதலாம். ஜூனில் ஆய்வகத்துக்கு வந்து புரதத்தை அளக்கலாம்.

மச்சான் தன் வலது கையை முழங்கை வரை திறந்து வைத்து, முதல் முறை பார்ப்பவரைப் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா மாமா, ஒரு பிரச்சன," என்றாள் தங்கை மகள். "பன்னெண்டாம் நம்பரு."

பன்னிரண்டாம் எண் நான்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. முதல் முறையாகப் பேராசிரியையின் குரலைக் கேட்டேன். மெதுவான, தெளிவான குரல். பன்னிரண்டாம் எண்ணின் இரண்டு தட்டிலும் ஒன்றுமே வளரவில்லை என்றார். குறைவு என்று சொல்லவில்லை, ஒன்றுமில்லை. தன் அனுபவத்தில் மனிதத் தோலில் இப்படிப் பார்த்ததில்லை என்றார்.

"ஐயா தப்பா நெனச்சுக்கக் கூடாது. இந்த நபர் உயிரோட இருக்காரா?"

இருக்கிறேன் என்றேன். வேறு ஏதாவது கையில் தடவினாரா என்று கேட்டார். விதி நான்கை எழுதியவனே நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சான் என் சட்டைப் பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சானிடைசர் குப்பியின் நீல மூடி வெளியே தெரிந்தது. ஏழு நாள், நாளுக்குப் பத்து வீடு, ஒவ்வொரு வாசலிலும் முழங்கை வரை.

சோப்பு, எண்ணெய், பவுடர் முதலிய. அந்த "முதலிய"வைத்தான் மூன்றாவது திருத்தத்தில் சேர்த்திருந்தேன்.

சொன்னேன். பிறகு பேராசிரியை, பன்னிரண்டாம் எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம், மற்றவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை, ஆனால் காரணத்தை அவர் கையாலேயே எழுதி அனுப்பட்டும் என்றார். போனை வைக்கும் முன் அந்தப் பக்கம் தங்கை மகள் சிரிக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். என்னிடம் பேனா இல்லை. மச்சான் தன் பேனாவை, மூடியைக் கழற்றி, வலது கையால் நீட்டினார்.

"செக்கர் ஏறுன பெறகு எழுதுறீங்க மாப்ள," என்றார்.